ஒரு லட்சம் படங்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் தொலையாமல் வைத்திருப்பது: முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுப் படங்கள் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டன. 2004-இல் வாங்கிய முதல் டிஜிட்டல் கேமரா, அதன்பின் வந்த ஆறு கைப்பேசிகள், அப்பாவின் பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்தவை, சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை என எல்லாம் ஒரே டிஸ்க்கில் இருக்கின்றன. எந்த ஆண்டின் எந்த விசேஷத்தைக் கேட்டாலும் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

இதைப் பார்த்துவிட்டுப் பலர் தங்கள் டிஸ்க்கோடு வந்திருக்கிறார்கள். அநேகமாக எல்லோருமே ஒரே இடத்தில் இடறியிருந்தார்கள்: இடம் போதவில்லையே என்று முதலில் அழிக்கத் தொடங்கியிருப்பார்கள், அல்லது அலங்கோலமாக இருக்கிறதே என்று முதலில் அடுக்கத் தொடங்கியிருப்பார்கள். சேர்ப்பது, சரிபார்ப்பது, இரண்டாம் பிரதி எடுப்பது, பிறகு அடுக்குவது, எல்லாவற்றுக்கும் கடைசியில் அழிப்பது. இதுதான் வரிசை. கீழே உள்ள படிகளைத் தாண்டிக் குதிக்காமல் செய்யுங்கள்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஒரு டிஸ்க் போதாது, இரண்டு வேண்டும். இரண்டாவதை வாங்கும் வரை வேலையைத் தொடங்கவே வேண்டாம். படங்கள் பத்து இடங்களில் சிதறிக் கிடந்தபோது ஒன்று கெட்டால் ஒரு பகுதிதான் போகும். ஒரே டிஸ்க்கில் சேர்த்துவிட்டால், அது கெடும் நாளில் எல்லாமே போகும்.

கைப்பேசிப் படம் ஒன்று சராசரியாக 3 முதல் 5 எம்பி வரும். லட்சம் படங்களுக்கு ஏறத்தாழ 400 ஜிபி. இடத்தை உண்மையில் விழுங்குவது வீடியோ. ஒரு நிமிட 4கே வீடியோ மட்டும் 170 முதல் 350 எம்பி வரை போகும். இன்றைய மொத்த அளவைப் போல இரண்டு மடங்கு கொள்ளும் டிஸ்க்கை வாங்குங்கள். பெட்டியில் 1 டிபி என்று போட்டிருப்பது விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் தெரியும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, எண்ணும் முறை வேறு.

சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியா, சுழலும் ஹார்ட் டிஸ்க்கா என்ற கேள்விக்கு என் பதில் இது: அடிக்கடி திறந்து வேலை பார்க்கும் முதல் டிஸ்க் எஸ்எஸ்டியாக இருந்தால் நல்லது. கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், வேகமும் அதிகம். பெட்டியில் தூங்கப்போகும் பேக்கப்புக்கு ஹார்ட் டிஸ்க் போதும். எஸ்எஸ்டியை ஆண்டுக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் வைத்திருந்தால் அதிலுள்ள தரவு மெல்ல அழியக்கூடும் என்பதால் அந்த இடத்துக்கு அது பொருத்தமும் இல்லை.

இவற்றோடு ஒரு மடிக்கணினி வேண்டும். யுபிஎஸ் இணைத்த மேசைக் கணினியும் சரிதான். நகல் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனால் எழுதிக்கொண்டிருந்த கோப்பு மட்டுமல்ல, டிஸ்க்கின் அட்டவணையே சிதையலாம். ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பயன் அடுத்த படியிலேயே தெரியும்.

2. படங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று எழுதுங்கள்

கணினியைத் திறக்கும் முன் நோட்டைத் திறங்கள். கைப்பேசிகள், மெமரி கார்டுகள், பென் டிரைவுகள், கல்யாண வீடியோக்காரர் கொடுத்த டிவிடிகள், மேகச் சேமிப்புக் கணக்குகள், மாமா வீட்டுக் கணினி: ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பக்கத்தில் மூன்று கட்டங்கள் போடுங்கள். நகலெடுத்தாயிற்று, சரிபார்த்தாயிற்று, இரண்டாம் பிரதி ஆயிற்று. மூன்றிலும் குறி விழாத எதையும் மூலத்திலிருந்து அழிக்கக் கூடாது. நினைவை நம்பினால், மூன்றாம் நாள் எந்த கார்டை எடுத்தோம் என்பதே குழம்பிவிடும்.

இந்தக் கட்டத்தில் எல்லோரும் தவறவிடும் மூன்று இடங்கள் உண்டு.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கேமரா ஃபோல்டரை மட்டும் எடுத்துவிட்டு முடிந்தது என்று நினைப்பார்கள். வாட்ஸ்அப் படங்கள் அங்கே இருப்பதில்லை. ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு அவை ‘ஆண்ட்ராய்டு’ என்ற ஃபோல்டருக்குள் ‘மீடியா’ என்பதற்குள் ஆழமாக உட்கார்ந்திருக்கின்றன.

ஐஃபோனிலும் மேக்கிலும் இடத்தை மிச்சப்படுத்தும் வசதியை இயக்கியிருந்தால், கருவியில் இருப்பது சிறிய வடிவமாக இருக்கலாம். முழுப்படம் ஐகிளவுடில் இருக்கும். அசலைக் கருவிக்கே இறக்கும் தெரிவை முதலில் இயக்கி, முழுவதும் இறங்கிய பிறகு நகலெடுங்கள். ஐஃபோனை விண்டோஸ் கணினியில் இணைக்கும்போது நகல் பாதியில் நின்று பிழைச்செய்தி வந்தால், ஃபோட்டோஸ் அமைப்புகளில் கணினிக்கு மாற்றுவது பற்றிய பகுதியில் ‘அசலை அப்படியே வை’ என்ற தெரிவைத் தேர்ந்தெடுங்கள். ‘தானியங்கி’ என்றிருந்தால் கைப்பேசி தன் சொந்த வடிவில் உள்ள படங்களைப் பொது வடிவமான ஜேபெக்காக மாற்றி அனுப்ப முயன்று இடையில் திணறும்.

கூகுள் ஃபோட்டோஸில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக இறக்க வேண்டாம். கூகுள் டேக்அவுட் வழியாக மொத்தமாகக் கேளுங்கள். ஆண்டுவாரியாக ஃபோல்டர்கள் வரும். கூடவே படம் தோறும் ஒரு ஜேசன் கோப்பும் வரும். அதைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள். கூகுளில் நீங்கள் திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் அதில்தான் இருக்கின்றன. ஆல்பத்தில் சேர்த்த படம் ஆண்டு ஃபோல்டரில் ஒரு முறை, ஆல்ப ஃபோல்டரில் ஒரு முறை என இரண்டு முறை வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

3. டிஸ்க்கை ஃபார்மட் செய்யுங்கள்

டிஸ்க்கில் கோப்புகளை எந்த முறையில் எழுதுவது என்று தீர்மானித்து அதற்குத் தயார் செய்வதுதான் ஃபார்மட். கீழே வரும் என்டிஎஃப்எஸ், ஏபிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் எல்லாம் அந்த முறைகளின் பெயர்கள். இது படங்களை ஏற்றிய பிறகு மாற்ற முடியாத முடிவு. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும். அதனால்தான் இது மூன்றாம் படியிலேயே வருகிறது.

வீட்டில் விண்டோஸ் மட்டும் இருந்தால் என்டிஎஃப்எஸ். மேக் மட்டும் இருந்தால் ஏபிஎஃப்எஸ். ஆப்பிள் ஃபோட்டோஸ் நூலகத்தையே டிஸ்க்கில் வைக்கப்போகிறீர்கள் என்றால், ஆப்பிளின் ஃபார்மட்டைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு வகைக் கணினியிலும் எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட். என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், தானாக எழுதாது. ஏபிஎஃப்எஸ் டிஸ்க்கை விண்டோஸ் கண்டுகொள்ளவே செய்யாது. பழைய ஃபேட்32-வில் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு ஏறாது. நீளமான கல்யாண வீடியோ அங்கேயே நின்றுவிடும்.

எக்ஸ்ஃபேட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. என்டிஎஃப்எஸ், ஏபிஎஃப்எஸ் இரண்டும் பாதியில் அறுந்த வேலையிலிருந்து மீண்டுகொள்ள ஏற்பாடு வைத்திருக்கின்றன. எக்ஸ்ஃபேட்டில் அது இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் ஃபோல்டரே காணாமல் போகலாம். எனவே தேவையில்லாமல் எக்ஸ்ஃபேட்டுக்குப் போகாதீர்கள். போனால், பாதுகாப்பாக வெளியேற்றும் கட்டளையைக் கொடுக்காமல் ஒரு முறைகூட கேபிளைத் தொடாதீர்கள்.

ஹார்ட் டிஸ்க் புதிதாக இருந்தால் விண்டோஸில் ‘விரைவு ஃபார்மட்’ குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். 4 டிபிக்குப் பத்து மணி நேரம் வரை ஆகும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். முழு ஃபார்மட் டிஸ்க்கின் ஒவ்வொரு இடத்திலும் எழுதிப் பார்க்கிறது. பழுதுள்ள டிஸ்க் என்றால், உங்கள் படங்கள் ஏறும் முன்பே, கடையில் மாற்றித் தரும் காலத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். எஸ்எஸ்டிக்கு இது வேண்டாம்.

டிஸ்க்குக்குத் தெளிவான பெயர் வையுங்கள்: ‘படங்கள்-அ’, ‘படங்கள்-ஆ’. ஸ்டிக்கரில் எழுதி மேலேயும் ஒட்டுங்கள். விண்டோஸில் டிஸ்க் நிர்வாகப் பகுதிக்குச் சென்று முதல் டிஸ்க்குக்கு ஒரு நிலையான ஆங்கில எழுத்தை ஒதுக்குங்கள், அகர வரிசையில் பின்னால் இருக்கும் ‘பி’ (P) போன்ற ஒன்று. இன்று ‘ஈ’ என்றும் நாளை ‘எஃப்’ என்றும் டிஸ்க் மாறி வந்தால், பின்னால் நாம் பயன்படுத்தப்போகும் மென்பொருள் படங்களைக் காணவில்லை என்று சொல்லும்.

4. வந்தது வந்தபடி கொட்டுங்கள்

டிஸ்க்கில் மூன்று ஃபோல்டர்கள் போதும்: ‘0-வந்தபடி’, ‘1-படங்கள்’, ‘2-அழிக்கலாம்’. இப்போதைக்கு முதலாவதில் மட்டும் வேலை. அதற்குள் நோட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் தனி ஃபோல்டர் போட்டு, அந்த மூலத்தில் இருப்பதை அப்படியே நகலெடுங்கள். ‘நகர்த்து’ வேண்டாம், ‘நகலெடு’ மட்டும். நகர்த்தும்போது இடையில் ஏதாவது நடந்தால் அங்கேயும் இருக்காது, இங்கேயும் இருக்காது.

தனி ஃபோல்டர் ஏன் என்பதை ஒரு சம்பவத்தால் சொல்கிறேன். எங்கள் உறவினர் ஒருவர் தம் பெற்றோரின் சஷ்டியப்த பூர்த்திப் படங்களை இரண்டு கேமரா கார்டுகளிலிருந்து ஒரே ஃபோல்டருக்கு நகலெடுத்தார். இரண்டும் ஒரே நிறுவனத்தின் கேமரா. கேமராக்கள் படங்களுக்கு வரிசை எண்தான் பெயராக வைக்கின்றன, 9999 வந்ததும் மறுபடி 0001. இரண்டு கார்டுகளிலும் ஒரே பெயரில் 412 படங்கள் இருந்தன. ‘இதே பெயரில் கோப்பு இருக்கிறது, மாற்றவா?’ என்று கணினி கேட்டது. ஒரே படம் என்று நினைத்து ‘எல்லாவற்றையும் மாற்று’ என்பதை அழுத்தினார். பிறகு இரண்டு கார்டுகளையும் துடைத்துவிட்டார். அவர் தங்கை எடுத்த மாலை மாற்றும் படங்கள் அத்தனையும் போயின. எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: ‘அந்தப் பெட்டி வந்தபோது எதை அழுத்தியிருக்க வேண்டும்?’ அந்தப் பெட்டி வரவே கூடாது என்பதுதான் பதில். மூலத்துக்கு ஒரு ஃபோல்டர் என்றால் அது வராது. வந்தால் ‘தவிர்’ என்றும் அழுத்தாமல், ‘மாற்று’ என்றும் அழுத்தாமல், நிறுத்திவிட்டு என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

கேபிளைக் கணினியின் வேகமான துளையில் செருகுங்கள். பல கணினிகளில் உள்ளே நீலமாக இருப்பது அதுதான். பழைய யுஎஸ்பி 2-இல் நொடிக்கு 35 எம்பி போனாலே பெரிது. டிஸ்க்கைத் தரையோடு தரையாக அல்லது மேசையின் நடுவில் வையுங்கள். சுழன்றுகொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க் மேசை விளிம்பிலிருந்து விழுந்தால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. தொங்கும் கேபிளில் கால் இடறித்தான் அநேகம் டிஸ்க்குகள் விழுகின்றன.

5. வந்து சேர்ந்ததா என்று சரிபாருங்கள்

நகல் முடிந்துவிட்டதாகப் பெட்டி மறைந்தால் போதாது. மூலத்தின் ஃபோல்டரையும் நகலின் ஃபோல்டரையும் வலது சொடுக்கிப் பண்புகளைத் திறந்து இரண்டு எண்களை ஒப்பிடுங்கள்: கோப்புகளின் எண்ணிக்கை, மொத்த பைட் அளவு. இரண்டும் இம்மி பிசகாமல் ஒத்துப்போக வேண்டும்.

இங்கே புதியவர்கள் வீணாகப் பதறும் இடம் ஒன்று இருக்கிறது. ‘அளவு’ என்றும் ‘டிஸ்க்கில் அளவு’ என்றும் இரண்டு வரிகள் தெரியும். இரண்டாவது டிஸ்க்குக்கு டிஸ்க் மாறும், அதைப் பார்க்க வேண்டாம். மேக்கில் எக்ஸ்ஃபேட் டிஸ்க்குக்கு எழுதினால், புள்ளியும் அடிக்கோடும் முன்னால் போட்ட 4 கேபி கோப்புகள் படத்துக்கு ஒன்றாகச் சேர்ந்திருக்கும். விண்டோஸில் அவை திறக்காத படங்கள் போலத் தெரியும். படம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, மேக் தன் குறிப்புகளை எழுதிவைத்திருக்கிறது.

எண்ணும் அளவும் ஒத்துப்போனாலும் உள்ளடக்கம் சிதைந்திருக்க வாய்ப்பு உண்டு, குறிப்பாகப் பழைய கார்டுகளில். எனவே டெராகாப்பி போன்ற மென்பொருளால் நகலெடுத்து, அதிலேயே உள்ள சரிபார்ப்பை இயக்குங்கள். இரண்டு ஃபோல்டர்களை ஒப்பிட்டு ஒத்திசைக்கும் ஃப்ரீஃபைல்சிங்க் மென்பொருளில் ‘உள்ளடக்கத்தை ஒப்பிடு’ என்ற தெரிவும் அதே வேலையைச் செய்யும். அசலையும் நகலையும் பைட் பைட்டாகப் படித்துப் பார்ப்பதால் நேரம் இரட்டிப்பாகும். அந்த நேரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். இங்கே கண்டுபிடிக்காத சிதைவு, மூலத்தை அழித்த பிறகு ஒருநாள் பாதிச் சாம்பல் நிறமான முகமாகத் திறக்கும்.

நோட்டில் இரண்டாம் கட்டத்தில் குறி போடுங்கள்.

6. அடுக்கும் முன் இரண்டாம் பிரதி

முதல் டிஸ்க்கில் உள்ள ‘0-வந்தபடி’ ஃபோல்டர் முழுவதையும் இரண்டாம் டிஸ்க்குக்கு நகலெடுத்து, அதே சரிபார்ப்பைச் செய்யுங்கள். பிறகு இரண்டாவதைக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள். அடுக்கி முடித்த பிறகு பேக்கப் எடுக்கலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். அடுக்கும்போதுதான் ஆயிரக்கணக்கான பெயர்களை மாற்றுகிறோம், தேதிகளைத் திருத்துகிறோம், நகர்த்துகிறோம். தவறு நடக்கப்போவது அங்கேதான். அதற்கு முந்தைய நிலை ஒன்று கைபடாமல் இருக்க வேண்டும்.

இதோடு மூன்றாம் கட்டத்திலும் குறி விழுந்துவிட்டது. கைப்பேசியில் இடம் தேவைப்பட்டால் இப்போது அழிக்கலாம், அதற்கு முன் அல்ல.

7. தேதியைச் சரிசெய்யுங்கள்

முதல் டிஸ்க்கில் ‘0-வந்தபடி’யில் உள்ள படங்களை ‘1-படங்கள்’ ஃபோல்டருக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள், இனி வேலை அங்கேதான். ஃபோல்டர் பிரிப்பதற்கு முன்பே தேதி சரியாக இருக்க வேண்டும். தேதியை வைத்துத்தான் பிரிக்கப்போகிறோம்.

கணினி காட்டும் ‘உருவாக்கிய தேதி’யை நம்ப வேண்டாம். நகலெடுத்த அன்றே அது இன்றைய தேதியாக மாறிவிடும். படத்துக்குள்ளேயே கேமரா எழுதிவைக்கும் எக்சிஃப் தகவலில் ‘படம் எடுத்த தேதி’ இருக்கிறது. அது எத்தனை முறை நகலெடுத்தாலும் மாறாது. டிஜிகேம் என்ற இலவச மென்பொருளில் அதைப் பார்க்கவும் திருத்தவும் முடியும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அது ஓடும். கட்டளை வரிக்குப் பயப்படாதவர்கள் எக்சிஃப்டூலைப் பயன்படுத்தலாம். பத்தாயிரம் படங்களை ஒரே கட்டளையில் முடித்துவிடும்.

வாட்ஸ்அப்பில் படமாக வந்தவற்றில் எக்சிஃப் தேதி இருக்காது. அனுப்பும்போது படத்தைச் சுருக்கி அந்தத் தகவலையும் கழற்றிவிடுகிறது. ஆனால் ஆண்ட்ராய்டில் சேமிக்கப்படும் கோப்பின் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள் எட்டு இலக்கமாக இருக்கும். அது படம் எடுத்த நாள் அல்ல, வந்த நாள். கல்யாணப் படம் மறுவாரம் வந்திருக்கலாம். இருந்தாலும் மாதம் பெரும்பாலும் சரியாக இருக்கும், அதை எக்சிஃப்பில் எழுதிவிடுங்கள்.

ஸ்கேன் செய்த பழைய படங்களில் தேதி இருந்தால் அது ஸ்கேன் செய்த நாளாக இருக்கும். படத்தின் பின்புறம் ஸ்டுடியோ முத்திரையோ தாத்தாவின் கையெழுத்தோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். ஆண்டு மட்டும் தெரிந்தால் 1987 ஜனவரி 1 என்று எழுதி, ‘தேதி தோராயம்’ என்று ஒரு குறிச்சொல்லும் (படத்தோடு ஒட்டித் தேட உதவும் சொல், டேக்) சேருங்கள். இல்லாவிட்டால் இருபது ஆண்டு கழித்துப் பார்ப்பவர் அதை உண்மையான தேதி என்று நம்பிவிடுவார்.

எல்லாவற்றையும்விடச் சுவையான சிக்கல், கேமராவின் கடிகாரம் தவறாக இருப்பது. ஒரு கேமரா பத்து நிமிடம் பின்தங்கியிருக்கும். இன்னொன்றில் பேட்டரி செத்துக் கடிகாரம் ஆரம்ப ஆண்டுக்கே போயிருக்கும். சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பாவின் கேமரா அந்த ஊர் நேரத்திலேயே இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். மூன்றையும் ஒன்றாக அடுக்கினால் சாப்பாட்டுப் பந்தி முடிந்த பிறகு மாப்பிள்ளை அழைப்பு வரும்.

இதற்கு நான் கண்ட எளிய வழி: எல்லாக் கேமராக்களும் ஒரே நொடியில் படம்பிடித்த ஒரு தருணத்தைத் தேடுங்கள். கல்யாணம் என்றால் தாலி கட்டும் நேரம். கெட்டிமேளம் கொட்டும்போது கேமரா வைத்திருக்கும் எவரும் வேறு பக்கம் திரும்பியிருக்க மாட்டார்கள். கைப்பேசிதான் நேரத்தை நெட்வொர்க்கிலிருந்து தானாகப் பெறுகிறது, அதையே சரியான நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் முதல் முடிச்சு 9:42, கேமராவில் அதே முடிச்சு 9:31 என்றால், அந்தக் கேமராவின் அன்றைய படங்கள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து டிஜிகேமின் நேரம் திருத்தும் கருவியில் 11 நிமிடம் கூட்டுங்கள். பிறகு வரிசைப்படுத்திப் பாருங்கள். மூன்று கோணங்களிலிருந்தும் ஒரே முடிச்சு அடுத்தடுத்து வந்து நிற்கும்.

8. ஃபோல்டரும் பெயரும்

‘1-படங்கள்’ என்பதற்குள் ஆண்டு, ஆண்டுக்குள் நிகழ்வு. இதற்கு மேல் அடுக்கு வேண்டாம். நிகழ்வின் பெயர் தேதியில் தொடங்கட்டும்: ‘2019-02-10 அண்ணன் திருமணம் மதுரை’. எந்த நிகழ்விலும் சேராதவை ‘2019-02 பொது’ என்ற ஃபோல்டருக்குப் போகட்டும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணாக எழுதினால் கணினி தானாகக் கால வரிசையில் அடுக்கும். மாதத்தின் பெயரைத் தமிழில் எழுதினால் அக்டோபர் முதலில் வந்து நிற்கும், அதன் பின் ஆகஸ்ட், ஏப்ரல்.

‘அம்மா’, ‘குழந்தை’, ‘ஊர்’ என்று பொருள்வாரியாக ஃபோல்டர் பிரிக்காதீர்கள். அம்மாவும் குழந்தையும் ஊரில் நிற்கும் படத்தை எங்கே வைப்பீர்கள்? மூன்றிலும் நகல் வைக்கத் தொடங்குவீர்கள். ஒரு படம் ஒரு நாளில்தான் எடுக்கப்பட்டது, அதனால் தேதிக்கு இந்தக் குழப்பம் இல்லை. யார், எங்கே என்பவை குறிச்சொல்லுக்கு உரியவை.

ஃபோல்டர் பெயரைத் தமிழில் வைக்கலாமா? தாராளமாக வைக்கலாம், யூனிகோடில் தட்டச்சு செய்தால். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பெயர்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். அவற்றை இப்போதே மாற்றிவிடுங்கள். இன்னொரு நுணுக்கம்: ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ போன்ற எழுத்துகளைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பு தனி, கால் தனி என இரண்டாகவும் வைக்கலாம். பழைய மேக் ஃபார்மட் இரண்டாகப் பிரித்தே வைக்கும். கண்ணுக்கு இரண்டும் ‘கொடைக்கானல்’ என்றே தெரியும். ஒத்திசைக்கும் மென்பொருள் மட்டும் இரண்டு ஃபோல்டர்கள் இருப்பதாகச் சாதிக்கும். மேக்கும் விண்டோஸும் கலந்து புழங்கும் வீட்டில் இது நடந்தால், ஒன்றின் பெயரை விண்டோஸில் புதிதாகத் தட்டச்சு செய்து, உள்ளே இருப்பவற்றை ஒன்றாக்குங்கள்.

பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, சாய்கோடு, நட்சத்திரம் வேண்டாம். விண்டோஸ் ஏற்காது. பெயர் நீளவும் வேண்டாம். முழு வழியும் சேர்த்து 260 எழுத்தைத் தாண்டினால் பல மென்பொருள்கள் கோப்பைத் திறக்க மறுக்கும்.

படங்களின் பெயர்களையும் எடுத்த தேதி, நேரம் கொண்டு மாற்றிவிட்டால் 0001 மோதல் இனி வராது. ஒரே எச்சரிக்கை: ஐஃபோனின் லைவ் படத்துக்கு ஒரு படமும் ஒரு குறு வீடியோவும் ஒரே பெயரில் இருக்கும். கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் ரா வடிவிலும் சேர்த்து எடுப்பவர்களுக்கு ரா, ஜேபெக் இணை இருக்கும். இரண்டையும் சேர்த்தே பெயர் மாற்றுங்கள், சேர்த்தே நகர்த்துங்கள்.

9. தேடுவதற்கு ஒரு மென்பொருள்

ஒரே ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். எதைத் தேர்ந்தாலும் இரண்டு விதிகள்.

முதல் விதி: படம் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில், பட்டியல் கணினியில். படங்களை அடுக்கித் திருத்தும் லைட்ரூம் கிளாசிக் மென்பொருளின் கேட்டலாக் (பட்டியல்), டிஜிகேமின் தரவுத்தளம் போன்றவை நொடிக்கு நூறு முறை சிறு சிறு துண்டுகளாகப் படிக்கப்படுபவை. மெதுவான டிஸ்க்கில் வைத்தால் எல்லாமே நத்தை வேகமாகும். கேட்டலாக்கை பேக்கப் எடுத்தால் படங்களும் பேக்கப் ஆகிவிட்டன என்று பலர் நம்புகிறார்கள். கேட்டலாக்கில் படமே இல்லை, படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் இருக்கிறது. டிஜிகேமில் சேகரிப்பைச் சேர்க்கும்போது ‘கழற்றக்கூடிய சாதனம்’ என்ற வகையில் சேருங்கள். டிஸ்க் இணைக்காத நாளில் படங்கள் தொலைந்ததாக அது நினைக்காது. ஆப்பிள் ஃபோட்டோஸ் இந்த விதிக்கு விலக்கு: படமும் பட்டியலும் ஒரே மூட்டையாக இருக்கும். அந்த மூட்டையைத் திறந்து உள்ளே கைவைக்காதீர்கள்.

இரண்டாம் விதி: மென்பொருளுக்குள் சேர்த்த படங்களை இனி அந்த மென்பொருளுக்குள்ளிருந்தே நகர்த்துங்கள், பெயர் மாற்றுங்கள். வெளியே எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டரை இழுத்துப்போட்டால் லைட்ரூமில் கேள்விக்குறிகள் முளைக்கும்.

குறிச்சொற்களையும் படத்துக்கு மதிப்பெண்ணாக இடும் நட்சத்திரங்களையும் படத்துக்குள்ளேயே எழுதும் அமைப்பை முதல் நாளே இயக்குங்கள். ரா படங்களுக்குப் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற சிறு குறிப்புக் கோப்பாக எழுதட்டும். தரவுத்தளத்தில் மட்டும் எழுதினால், மென்பொருளை மாற்றும் நாளில் உங்கள் பல மாத உழைப்பு அதிலேயே தங்கிவிடும்.

ஆட்களுக்குக் குறிச்சொல் போடும்போது உறவுமுறை வேண்டாம், சொந்தப் பெயரைப் போடுங்கள். நான் ‘அம்மா’ என்று போட்டவர் என் மகளுக்குப் பாட்டி. அவள் ‘அம்மா’ என்று தேடியபோது என் அம்மாவின் நாலாயிரம் படங்கள் வந்தன. ஒரு வார இறுதி முழுக்க உட்கார்ந்து மாற்றினேன்.

10. இப்போது இரட்டைகளை நீக்கலாம்

முதலில், பைட் மாறாமல் ஒரே மாதிரி உள்ளவை மட்டும். ச்காவ்கா (Czkawka) என்ற இலவச மென்பொருள் இவற்றைச் சரியாகக் கண்டுபிடிக்கும். பெயர் வேறாக இருந்தாலும் உள்ளடக்கத்தை ஒப்பிட்டுச் சொல்லும். ‘0-வந்தபடி’க்குள் கைவைக்காமல், ‘1-படங்கள்’ ஃபோல்டருக்குள் மட்டும் தேடச் சொல்லுங்கள்.

பிறகு, ‘ஒத்த தோற்றம்’ உள்ளவை. இங்கே தானாக அழிக்கும் பொத்தானைத் தொடவே வேண்டாம். அடுத்தடுத்து எடுத்த ஐந்து குழுப் படங்கள் மென்பொருளுக்கு ஒன்றுதான். நான்கில் பெரியப்பா கண்ணை மூடியிருப்பார், ஐந்தாவதில் திறந்திருப்பார். அது நமக்குத்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் வந்த சிறிய படத்தையும் அவசரப்பட்டு நீக்க வேண்டாம். பெரிய அசல் உங்களிடம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே நீக்குங்கள். அனுப்பியவரிடம் அசல் இன்னும் இருக்கிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

நீக்குவதை எல்லாம் ‘2-அழிக்கலாம்’ ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். ஆறு மாதம் அங்கேயே கிடக்கட்டும். ‘0-வந்தபடி’யையும் அந்த ஆறு மாதம் கழித்தே முதல் டிஸ்க்கிலிருந்து நீக்குங்கள்.

11. பேக்கப்பைத் தொடர்ந்து ஓட்டுவது

மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று கைப்பேசியிலிருந்து புதிய படங்கள் முதல் டிஸ்க்குக்கு, அங்கிருந்து இரண்டாவதுக்கு.

ஃப்ரீஃபைல்சிங்க்கில் ‘கண்ணாடி’ என்றொரு முறையும் ‘புதுப்பி’ என்றொரு முறையும் உண்டு. கண்ணாடி முறையில் முதல் டிஸ்க்கில் தவறுதலாக அழித்தது இரண்டாவதிலும் அழியும். முதல் ஆண்டு முழுவதும் ‘புதுப்பி’ முறையிலேயே ஓட்டுங்கள். அது சேர்க்கும், அழிக்காது. கண்ணாடி முறைக்கு மாறும்போது, நீக்கப்படுபவை தனி ஃபோல்டரில் தங்கும்படி பதிப்பு வைக்கும் வசதியை இயக்குங்கள். ஒவ்வொரு முறையும் ‘ஒப்பிடு’ கொடுத்துவிட்டுப் பட்டியலைப் பாருங்கள். இருநூறு படம் சேர்த்த மாதத்தில் மூவாயிரம் கோப்பு அழியப்போவதாகக் காட்டினால் நிறுத்துங்கள்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 விதியைப் புகைப்படக்காரர்கள் சொல்வார்கள். இரண்டாம் டிஸ்க் தம்பி வீட்டிலோ மாமியார் வீட்டிலோ இருந்தால் ‘வேறு இடம்’ ஆயிற்று. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஒரே அலமாரியின் ஒரே தட்டில் இருக்கும் இரண்டு பிரதிகள் அப்படிப்பட்ட நாளில் ஒரு பிரதிதான். மூன்றாவதை மேகச் சேமிப்பில் வைப்பதா, இன்னொரு டிஸ்க்கில் வைப்பதா என்பதை உங்கள் இணைய வேகம் தீர்மானிக்கட்டும்.

12. டிஸ்க்கின் உடல்நலம்

கடற்கரை ஊர்களில் ஈரமும் உப்புக் காற்றும் இணைப்பு ஊசிகளை அரிக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பேக்கப் டிஸ்க்கை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது இணைத்துச் சில படங்களைத் திறந்து பாருங்கள்.

விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் டிஸ்க் தன்னைப் பற்றி வைத்திருக்கும் குறிப்புகளைக் காட்டும். நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறினால் புதிய டிஸ்க் வாங்கும் நேரம் வந்துவிட்டது. டக், டக் என்று ஒலி வந்தால் உடனே கழற்றுங்கள். பழுது நீக்கும் கட்டளைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள், சாகும் டிஸ்க்கை அது இன்னும் வேகமாகக் கொல்லும். இரண்டாம் பிரதி இருந்தால் அதைக் கொண்டு புது டிஸ்க்கை நிரப்புங்கள். இல்லையென்றால் தரவு மீட்பவர்களிடம் அப்படியே எடுத்துச் செல்லுங்கள். நல்ல நிலையில் இருந்தாலும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை டிஸ்க்கை மாற்றுவது என் வழக்கம்.

13. வீட்டில் இன்னொருவருக்கும் தெரியட்டும்

டிஸ்க்கைக் கடவுச்சொல்லால் பூட்டியிருந்தால், அதையும் பூட்டும்போது கிடைத்த மீட்புத் திறவுகோலையும் தொலைத்துவிட்டால் திறக்க வேறு வழியே இல்லை. கடவுச்சொல்லையும் மீட்புத் திறவுகோலையும் தாளில் எழுதுங்கள். அதே தாளில் எந்த டிஸ்க் எங்கே இருக்கிறது, எந்த மென்பொருள், ஒரு படத்தைத் தேட என்ன செய்ய வேண்டும் என்று பத்து வரி எழுதுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாள் நிலப் பத்திரங்களோடு பீரோவில் இருக்கிறது.

எழுதியதை ஒருமுறை சோதித்தும் பாருங்கள். சென்ற பொங்கலன்று தாளை மகளிடம் கொடுத்து, என்னைக் கேட்காமல் தாத்தாவின் 1987-ஆம் ஆண்டுப் படம் ஒன்றை எடுக்கச் சொன்னேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். ‘டிஸ்க்கைச் செருகவும்’ என்று எழுதியிருந்தேன். கேபிள் எந்த டிராயரில் என்று எழுதவில்லை. அன்றிலிருந்து கேபிளை டிஸ்க்கோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியே வைக்கிறேன்.